ஒன்று ஐம்பதுக்குக் கேட்ட குரல்

அத்தியாயம் 9

அச்சு வரைக்கும் மணலில் புதைந்து கிடக்கிற வண்டி உருண்டு ஓடிவிடும் என்று பயந்து எவனாவது சக்கரத்துக்குக் கல் வைப்பானா?

நேற்று சாயங்காலம் போலீஸ் எடுத்த ஜீப் போட்டோவைப் பார்த்ததிலிருந்து இந்தக் கேள்வி எஸ்றாவைப் பிடித்து ஆட்டியது. பதில் அவனுக்குத் தெரியும். அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

வியாழக்கிழமை காலை ஆறரை மணி. தன் பழைய பொலிரோவைத் தூத்துக்குடியிலிருந்து கொற்கைக்கு விரட்டிக்கொண்டிருந்த எஸ்றாவின் கண் அடிக்கடி உள்கண்ணாடிக்கே போனது. பின் சீட்டில் ராஜபாண்டி உட்கார்ந்திருந்தான். முன்னால் எஸ்றாவுக்குப் பக்கத்தில் சரண்யாதேவி, மடியில் ஒரு ஐஸ் பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு, செல்போனில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபடி வந்தாள்.

சரண்யாதேவி துப்பறிபவள். துறைமுகத்தில் பத்து வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்துவிட்டு, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, ஒரு மாடி அறையில் போர்டு மாட்டியவள். எஸ்றா அவளுக்கு டிரைவர், உதவியாளர், டீ வாங்கி வருபவன், எல்லாமே. கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிய காலத்திலேயே அவனுக்கு வாய் நீளம். இன்று மட்டும் அது ஏனோ அடங்கிக் கிடந்தது.

காணாமல் போனவர் லிங்கராஜ். தூத்துக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், ஐம்பத்திரண்டு வயது. கடையைத் தவிர அவருக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று, ரோடே இல்லாத இடத்தில் ஜீப் ஓட்டுவது. இன்னொன்று, லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் ஹாம் ரேடியோவில் முகம் தெரியாத மனிதர்களோடு பேசுவது. இரண்டையும் ஒன்றாக்கி, வருகிற திங்கட்கிழமை திருச்செந்தூரில் புறப்பட்டு லடாக் வரைக்கும் ஜீப்பில் போவது, வழியில் ஒவ்வொரு மாநிலத்திலும் ஏரியல் கட்டிப் பேசுவது என்று திட்டம் போட்டிருந்தார். கூடப் போகிற டிரைவர் ராஜபாண்டி. அந்த வேலைக்கு அவனைச் சொல்லிவிட்டதே எஸ்றாதான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லிங்கராஜின் ஜீப் வேம்பார் கடற்கரையில் புதைந்து கிடந்தது. அலையோரத்தில் அவர் செருப்பு. ஆள் இல்லை. முதலில் பார்த்துச் சொன்னவன் ராஜபாண்டி. முதலாளி ராத்திரி தனியாக ரேடியோ பேசக் கடற்கரைக்குப் போனார், தன்னைக் காலையில் பஸ் பிடித்து வரச் சொன்னார் என்றான். அவன் தங்கியிருந்த திருச்செந்தூர் லாட்ஜின் கேமராவும் ஒத்துப்போனது. ராத்திரி பத்துக்கு உள்ளே போனவன் காலை ஆறுக்குத்தான் வெளியே வந்தான்.

ஜீப்பில் கிடந்த ரேடியோ நோட்டில் லிங்கராஜ் கைப்பட எழுதிய கடைசி வரி: செவ்வாய், 0150. ராத்திரி ஒன்று ஐம்பது வரைக்கும் பேசியிருக்கிறார், பிறகு குளிக்க இறங்கிக் கடலோடு போய்விட்டார். போலீஸ் இத்தோடு முடித்துக்கொண்டது. சங்கு குளிக்கிற ஆட்கள் இரண்டு நாளாக முங்கிப் பார்த்தும் உடல் அகப்படவில்லை.

அவர் மனைவி பேச்சிச்செல்வி மட்டும் அழவே இல்லை. "அவுகளுக்குத் தினம் ரெண்டு வேளை இன்சுலின் போடணும். கெடைச்சதும் கையில இருக்கணும்லா" என்று சொல்லி அந்த ஐஸ் பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டாள்.

"அண்ணாச்சி" என்றாள் சரண்யாதேவி, எஸ்றாவிடம். "மணல்ல ஓட்டணும்னா டயர்ல எவ்வளவு காத்து வைக்கணும்?"

"பாதியா இறக்கிரணும் மேடம். அப்பத்தான் டயரு சப்பையா விரிஞ்சு மணல்மேல போகும். முழுக் காத்தோட விட்டா கெணறு தோண்டிரும்."

"லிங்கராஜுக்கு இது தெரியுமா?"

"அவருக்கா? காத்தளக்க ஒரு மெஷின், அடைக்க ஒரு மெஷின் வச்சிருக்காரு. பூரி உப்பினாக்கூட அளந்து பாத்துட்டுத்தான் சாப்பிடுவாரு."

"வேம்பார்ல அவர் ஜீப்போட நாலு டயர்லயும் முழுக் காத்து. போலீஸ்காரங்க எழுதி வச்சிருக்காங்க. ஆனா ஏன்னு யோசிக்கல."

பின் சீட்டில் ராஜபாண்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனும் எஸ்றாவோடு டிரெய்லர் ஓட்டியவன்தான். தார் ரோட்டிலேயே பிழைத்த டிரெய்லர்காரனுக்குக் காற்று குறைந்த டயரைப் பார்த்தாலே கை பரபரக்கும். அடைக்காமல் ஒரு கிலோமீட்டர் ஓட்ட மாட்டான்.

*

கொற்கையில் வயலைப் பார்த்த ஒரு நெல் அரவை மில். அந்தக் கடைசி வரியில் லிங்கராஜோடு பேசியவரின் ரேடியோ அடையாளமும் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக விசாரித்ததில் அது இந்த மில்லின் சொந்தக்காரி வடிவம்மாள் என்று தெரிந்தது.

சிமெண்ட் போட்ட களத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிய எஸ்றா, கை போன போக்கில் ஒரு கல்லை எடுத்து இடது பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். நிமிர்ந்து பார்த்தபோது வலது சக்கரத்துக்கு ஏற்கெனவே ஒரு கல் இருந்தது. ராஜபாண்டி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"பழக்கம்ணே" என்றான்.

எஸ்றாவுக்குத் தெரியாதா? நான்கு வருஷத்துக்கு முன்னால் துறைமுக ரோட்டில் கல் வைக்காமல் நிறுத்திய ராஜபாண்டியின் டிரெய்லர் பின்னால் உருண்டு, ஒரு லோடுமேன் செத்துப்போனான். அந்த உடலைத் தூக்கியதில் எஸ்றாவும் ஒருவன். அன்றிலிருந்து கல் வைக்காமல் ராஜபாண்டி எந்த வண்டியையும் விட்டு இறங்கியதில்லை. சிமெண்ட் தளமானாலும் வைப்பான். சமதரையானாலும் வைப்பான்.

புதைமணலானாலும் வைப்பான்.

"நான் இங்கனயே இருக்கேண்ணே" என்று ராஜபாண்டி வண்டிக்குள் ஏறிக்கொண்டான்.

மில்லின் மொட்டை மாடியில் குறுக்குக் கம்பிகள் அடுக்கிய நீளமான ஏரியல் ஒன்று நின்றது. எஸ்றா அண்ணாந்து பார்த்தான். "முள்ளே இம்புட்டு இருக்குன்னா, மீனை யாரு தின்னது?" என்றான். தன் குரலே தனக்குப் பொய்யாகக் கேட்டது.

வடிவம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அழுது வீங்கிய கண். மில்லுக்குப் பின்னால் இருந்த ரேடியோ அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். மேஜைமேல் கறுப்புப் பெட்டி அணைந்து கிடந்தது.

"செவ்வாக்கெழம மத்தியானம் போலீஸ்ல இருந்து போன் வந்துச்சும்மா. அதுக்கப்புறம் இந்தப் பெட்டிய நான் தொடவே இல்ல. அண்ணாச்சி பேசுன பெட்டில்லா. மனசு வரல."

"போலீஸ் என்ன கேட்டாங்க?" என்றாள் சரண்யாதேவி.

"ஒண்ணு அம்பதுக்கு அவரோட பேசினீங்களான்னு கேட்டாவ. நோட்டைப் பாத்தேன். ஆமான்னு சொன்னேன். வேம்பார்ல கடல்ல போயிட்டாவன்னு சொன்னதும் எனக்கு அழுகை வந்துட்டு. அந்தப் போலீஸ்காரரும் போனை வச்சிட்டாரு."

"அவ்வளவுதானா?"

"அம்புட்டுத்தான்."

சரண்யாதேவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வந்த வழி முட்டுச்சந்தில் முடிந்த முகம். எஸ்றா சுவரைப் பார்த்தான். இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருந்தன. ஒன்றில் ஏழு ஐந்து.

"அக்கா, அந்தக் கடியாரத்துக்குப் பேட்டரி மாத்துங்க. ஊரே விடிஞ்சு எந்திரிச்சாச்சு, அது இன்னும் ராத்திரி ஒண்ணு முப்பத்தஞ்சுலயே தூங்குது."

"அது நல்லாத்தான் ஓடுது தம்பி" என்றார் வடிவம்மாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அது லண்டன் நேரம். நம்ம நேரத்துல இருந்து அஞ்சரை மணி நேரம் கொறச்சுக்கிடணும். நாங்க உலகம் பூரா பேசுதோம். ஆளாளுக்கு அவுக ஊரு நேரத்தை எழுதினா யாரு எப்பப் பேசினான்னு ஒருத்தனுக்கும் வெளங்காது. அதனால நோட்டுல எல்லாரும் லண்டன் நேரந்தான் எழுதுவோம்."

சரண்யாதேவி மெதுவாக எழுந்து நின்றாள்.

"அப்போ உங்க நோட்டுல ஒண்ணு அம்பதுன்னா…"

"காலம்பற ஏழு இருபது."

எஸ்றா விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தான். போலீஸ்காரர் கேட்டதும் சரி, இந்த அம்மா ஆமாம் என்றதும் சரி. இரண்டு சரியும் சேர்ந்து ஒரு மனிதரை ஐந்தரை மணி நேரம் முன்னாலேயே கொன்றுவிட்டது.

"ஏழு இருபதுக்கு அவர் எங்கிருந்து பேசினார்?" சரண்யாதேவியின் குரல் இறங்கிப்போனது.

"தேரில இருந்துதான். திருச்செந்தூருக்குத் தெக்க செம்மணல் மேடு கெடக்குல்லா, அங்கன. கையில வச்சிக்கிடுத சின்ன ரேடியோவுல பேசினாவ. ராத்திரி அங்கனயே ஜீப்புக்குள்ள படுத்தேன்னாவ. காலம்பற டிரைவரை லாட்ஜில போயிக் கூட்டியாந்தேன், அவன் மேட்டுல வண்டிய ஏத்திப் பழகுதான், நான் கீழ உக்காந்து பேசுதேன்னாவ. பெறகு எப்ப வேம்பாருக்குப் போனாவன்னுதான் எனக்குத் தெரியல."

"அவர் போகவே இல்ல" என்றாள் சரண்யாதேவி. "ஜீப்பு மட்டும் போயிருக்கு."

வெளியே பொலிரோவின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. நண்பன் என்று பார்த்து நேற்றே வாயைத் திறக்காமல் விட்டோமே என்று எஸ்றாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும். அந்த போட்டோவுல பின் சக்கரத்துக்குக் கீழ…"

"கல்லு" என்றாள் அவள். "பொதஞ்ச வண்டிக்குக் கல்லு. அந்தக் கடற்கரைல கல்லே கிடையாது. ரோட்டுல இருந்து தூக்கிட்டு வந்து வச்சிருக்கான்."

"தெரியுமா?"

"நேத்து கல்லைப் பார்த்தப்ப எனக்கு ஒண்ணும் புரியல அண்ணாச்சி. இன்னைக்கு அவன் உங்க வண்டிக்கு வச்சப்பத்தான் புரிஞ்சுது. ஆனா போட்டோவைப் பார்த்த பெறகு நேத்து ராத்திரி பூரா நீங்க ஒரு ஜோக்குகூட அடிக்கல. அப்பவே தெரியும் உங்களுக்கு ஏதோ தெரியும்னு. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதுக்குத்தான் அவனையும் வண்டில ஏத்திக்கிட்டேன்."

எஸ்றா தலையைக் குனிந்துகொண்டான்.

வடிவம்மாள் திடீரென்று நெஞ்சில் கை வைத்தார். அவர் பார்வை லண்டன் கடிகாரத்தில் நிலைகுத்தியிருந்தது. ஒன்று நாற்பத்தொன்பது.

"ஏம்மா, அன்னைக்குப் பேசி முடிக்கும்போது அண்ணாச்சி ஒண்ணு சொன்னாவ. லடாக் போய்ச் சேருற வரைக்கும் தினம் இதே நேரத்துக்குக் கூப்பிடுதேன், கேட்டுக்கிட்டே இருங்கன்னாவ." அவருக்கு மூச்சு வாங்கியது. "நேத்தும் ஏழு இருபது வந்துச்சு. நான் பெட்டியப் போடலியே!"

பாய்ந்து போய்ப் பொத்தானை அமுக்கினார். பெட்டியின் விளக்கு எரிந்தது. பக்கத்திலிருந்த திருகைத் திருப்ப, மாடியில் ஏரியல் கிறீச்சிட்டுத் தெற்கே திரும்பியது. அறை முழுக்க ஒரே இரைச்சல்.

ஒன்று ஐம்பது. ஒன்றுமில்லை.

ஒன்று ஐம்பத்தொன்று. இரைச்சல் மட்டும். எஸ்றா கண்ணை மூடி, 'ஆண்டவரே, ஒரே ஒரு தடவை' என்று வாய்க்குள் முனகினான். 

பட்டென்று இரைச்சல் அறுந்தது. ஒரு நொடி முழு அமைதி. மறுபடி இரைச்சல். மறுபடி அமைதி.

"அண்ணாச்சிதான்!" வடிவம்மாள் கத்தியே விட்டார். "பேசுத அளவுக்குப் பேட்டரி இல்ல. பட்டனை மட்டும் அமுக்குதாவ." மைக்கை வாயருகே கொண்டுபோனார். "அண்ணாச்சி, வடிவு பேசுதேன். நீங்கன்னா ரெண்டு தடவை அமுக்குங்க."

அமைதி. இரைச்சல். அமைதி. இரைச்சல்.

வடிவம்மாள் மேஜைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு விம்மினார். சரண்யாதேவி அதற்குள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டாள். ஆனால் எங்கே வரச் சொல்வது? தேரி என்ன ஒரு ஏக்கரா, இரண்டு ஏக்கரா? பன்னிரண்டாயிரம் ஏக்கர் செம்மணல். தேடிக்கொண்டிருந்தால் அந்தப் பேட்டரி மாதிரியே ஆளும் அணைந்துபோவார்.

எஸ்றா வெளியே ஓடினான். ராஜபாண்டி வலது சக்கரத்துக் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். ஓடப் பார்த்தானா, வண்டியை எடுக்கப் பார்த்தானா, தெரியவில்லை. எஸ்றா எதையும் கேட்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் நிறுத்தினான்.

"கேளுலே. இது யாருன்னு கேளு."

வடிவம்மாள் மறுபடி கேட்டார். மறுபடி இரண்டு தடவை இரைச்சல் அறுந்தது.

ராஜபாண்டியின் கையிலிருந்த கல் தரையில் விழுந்தது.

"மொதலாளியா?" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "செத்துட்டாவன்னுல்லாண்ணே நெனச்சேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் எறங்கி உக்காந்திருந்தாவ, எனக்குத் தெரியாது. வேகமா ஏத்திட்டேன். உச்சியில இருந்து வண்டி அப்படியே பாஞ்சு அவர் மேல… கூப்பிட்டேன், அசையல. மூக்குல கை வச்சேன், மூச்சு வந்த மாதிரி இல்ல. இன்னொரு சாவுண்ணே! மொத கேஸே முடியல. யாரு என்னைய நம்புவா?"

"அதனால செருப்பைக் கழட்டி எடுத்துக்கிட்ட" என்றாள் சரண்யாதேவி. "பக்கத்துல கிடந்த நோட்டுல ஒண்ணு அம்பதைப் பார்த்துட்டு, ராத்திரி நேரம், நம்மளக் காப்பாத்தும்னு அதையும் பத்திரமா ஜீப்புல வச்ச. கிழிச்சுப் போட்டிருந்தா நாங்க இந்த வாசலுக்கே வந்திருக்க மாட்டோம்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எஸ்றா அவன் முன்னால் குந்தினான். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த லோடுமேன் வீட்டு வாசலில் இவன் இப்படித்தான் அழுதான். அன்றைக்குக் கூடவே உட்கார்ந்து அழுதவன் எஸ்றா.

"ஏலே, அழுகைய அப்புறம் வச்சிக்கிடலாம். எங்கன போட்டுட்டு வந்த? அத மட்டும் சொல்லு."

"ஒத்தப் பனைக்குக் கீழ்ப்புறம்ணே. முந்திரித் தோப்பு தாண்டி. நான் காட்டுதேன்."

*

செம்மணல் தொடங்கும் இடத்தில் எஸ்றா பொலிரோவை நிறுத்தி, டயர்களில் காற்றை இறக்கினான். யாரும் சொல்லாமலே ராஜபாண்டி அந்தப் பக்கத்து இரண்டு டயரையும் இறக்கினான். முந்திரித் தோப்பு வரைக்கும் வண்டி போயிற்று. அதற்குமேல் ஓட்டம்தான். வெயில் எட்டரை மணிக்கே சுள்ளென்று உறைத்தது. பின்னால் ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள்.

மேட்டிலிருந்து இறங்கும் மணலில், ஆள் தவழ்ந்து போன தடம் ஒரு உடைமரத்தை நோக்கிப் போயிருந்தது. அதன் சொற்ப நிழலில் லிங்கராஜ் கிடந்தார். வலது கால் தொடையிலிருந்து வீங்கி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. உதடெல்லாம் வெடிப்பு. காலியான தண்ணீர் பாட்டில் ஒன்று பக்கத்தில். கைக்குள் அந்தச் சின்ன ரேடியோ. விரல் இன்னமும் பட்டன் மேலேயே இருந்தது.

சரண்யாதேவி ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்துவிட்டு, ஆம்புலன்ஸ்காரரிடம் ஐஸ் பிளாஸ்க்கைக் கொடுத்து, "சுகர் பார்த்துட்டு அப்புறம் போடுங்க" என்றாள். லிங்கராஜின் இமை மெல்லத் திறந்தது. சரண்யாதேவியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எஸ்றாவைப் பார்த்தார். அப்புறம் அவனைத் தாண்டி, பத்தடி பின்னால் பக்கத்தில் வரத் துணிச்சலில்லாமல் நின்ற ராஜபாண்டியைப் பார்த்தார்.

வெடித்த உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

"வந்துட்டியால?" என்றார் லிங்கராஜ். குரல் காற்றாகத்தான் வந்தது. "ஆள் கூட்டியாரத்தான் போயிருக்கான்னு எனக்குத் தெரியும். அதனாலதான் பயப்படாமக் கெடந்தேன். ஏம்ல இம்புட்டு நேரம்?"

ராஜபாண்டி நின்ற இடத்திலேயே மணலில் மண்டி போட்டான். சரண்யாதேவி எஸ்றாவைப் பார்த்தாள். எந்த நேரத்துக்கும் வாயில் ஒரு சொல் தயாராக வைத்திருப்பவன் அவன். குனிந்து ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தான். ராஜபாண்டிக்கு மறுமுனையைக் கண்ணால் காட்டி, "தூக்குலே" என்று மட்டும் சொன்னான்.